கூடுதல் தட்டு

நாங்கள் நால்வர். தட்டுகள் ஐந்து.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்
போலந்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் அப்படித்தான்:
யாராவது வந்துவிட்டால் என்று ஒரு தட்டு.
மேசைவிரிப்பின் அடியில் ஒரு கைப்பிடி வைக்கோல்,
விரிப்பின் மேல் அந்த வெறுமை.

இருபத்தாறு வருடம் யாரும் வரவில்லை.
இருபத்தாறு வருடமும் அதைக் கழுவித் துடைத்து
அலமாரியில் வைக்கும்போதெல்லாம்
நான் நல்லவளாக இருந்தேன்.
செலவே இல்லாத நல்லதனம்.
பால் கூட்டுறவில் கணக்கு எழுதுகிறவள் நான்,
செலவு என்றால் என்னவென்று தெரியும்.

அந்த வருடம் சுவாவ்கி சாலையைப் பனி மூடிவிட்டது.
முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு.
ஆகாதா ஜன்னலில் மூக்கைப் பதித்து
பாலாலைப் புகைபோக்கியின் விளக்கை
நட்சத்திரம் என்று அறிவித்தாள்,
பசியில்.

பீட்ரூட் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது
கதவு தட்டப்பட்டது.
லெஷெக் என்னைப் பார்த்தார்.
நான் தட்டைப் பார்த்தேன்.
ஆண்டவரே, உம்மிடம் மட்டும் சொல்கிறேன்:
பக்கத்து வீட்டிலும் ஒரு தட்டு இருக்கிறதே
என்றுதான் முதலில் நினைத்தேன்.

டீசல் வாடை. கையுறையின் கிழிசலில் நீலம் பாரித்த கட்டைவிரல்.
பெயர் கேட்டோம், தலையை ஆட்டினான்.
என்ன மொழிக்காரன் என்றும் பிடிபடவில்லை.
அப்பத்தை நீட்டினேன்.
ஒருவர் கையிலிருந்து மற்றவர் துணுக்கு ஒடித்து
வாழ்த்துச் சொல்லி உண்ணும் மெல்லிய வெள்ளை அப்பம்.
அவன் முழுவதையும் வாங்கி
வாயில் போட்டுக்கொண்டான்.
மிரோன் சிரித்துவிட்டான்,
பிறகு மிரோனின் காதுகள் சிவந்தன.

வறுத்த கெண்டை மீன் நான்கு துண்டு.
என் துண்டு அவன் தட்டுக்குப் போனது.
முள்ளை விரிப்பின் மேலேயே துப்பினான்.
அதையும் எழுதி வைத்துக்கொண்டேன், மனதில்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக வழியில்லை.
அடுப்போரம் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கினான்.
விடிந்தபோது அவன் இல்லை.
இறந்துபோன என் மாமனாரின் ஆட்டுத்தோல் தொப்பியும் இல்லை.
படியிலிருந்து சாலைவரை காலடிகள்.
ஓரிடத்தில்கூட
நின்று திரும்பிப் பார்த்த தடம் கிடையாது.

தவக்காலம் வரும்வரை
தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.
ஏன் என்று லெஷெக் கேட்கவில்லை.
ஓர் அட்டை போதும். ஒரு வரி.
எனக்குப் புரியாத எழுத்தில் இருந்தாலும் சரி.
மின்கட்டணம் வந்தது.
விதைக்கடை விளம்பரம் வந்தது.

பிறகு ஒரு மாலை, கூட்டுறவின் பேரேட்டில்
வராக்கடன் பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது
கை நின்றுவிட்டது.
கடன் என்று யார் சொன்னது?
அவன் கடன் கேட்கவே இல்லையே.
சூப்பை ஊற்றும்போதே
வட்டியையும் சேர்த்து எழுதியவள் நான் அல்லவா.
ஒரு நன்றி. அது இல்லையென்றால்
பங்குத்தந்தையிடம் சொல்ல ஒரு கதை.
அதுவும் இல்லையென்றால், இதோ,
என்னை நானே மெச்சிக்கொள்ள ஓர் இரவு.

வீடு திரும்பும் வழியில் கோயில் திறந்திருந்தது.
சிலுவைக்கு எதிரே அமர்ந்தேன்,
ஜெபம் எதுவும் வரவில்லை.
ஒன்று மட்டும் நினைவில் தட்டியது:
அங்கிருந்து எனக்கு வந்த எதற்கும்
இந்த ஐம்பத்திரண்டு வயதுவரை
ஒரு பில்கூட வந்ததில்லை.

அடுத்த டிசம்பர்.
வைக்கோல். விரிப்பு. ஐந்தாவது தட்டு;
அவன் கரண்டி இடித்து விளிம்பு பெயர்ந்த அதே தட்டு.
மீன் இம்முறை ஐந்து துண்டு.
வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன்.
கதவை ஒட்டி, கை எட்டும் உயரத்தில்
புதிதாக ஓர் ஆணி.
காதுமடல் வைத்த கம்பளித் தொப்பி ஒன்றை
லெஷெக் அதில் மாட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

விலைச்சீட்டை மட்டும் பிய்த்து
அடுப்பில் போட்டார்.